முகத்துக்குப் பூசும் கிறீமும் ஒரு கணக்காளனின் கவலையும்



சென்ற மாதம் நமது வானொலியில் இந்த விடயத்தைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடங்கள்தான். நிகழ்ச்சி முடிந்த பின்பும் தொலைபேசி அழைப்புகள் வந்தபடி இருந்தன. "அண்ணை, அந்தப் பெயர்களை இன்னொருக்கால் சொல்லுங்கோ, பேனையை எடுக்கிறதுக்குள்ள நீங்கள் அடுத்ததுக்குப் போயிட்டீங்கள்" என்று ஒரு சகோதரி குறைப்பட்டுக்கொண்டார். அவருக்காகவும், அன்று கேட்கத் தவறியவர்களுக்காகவும் அந்த உரையைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வைத்தியனும் அல்லன், இரசாயனம் படித்தவனும் அல்லன். வர்த்தகப் பட்டதாரி. இந்த லண்டன் மாநகரில் இருபத்தைந்து வருடங்களாகப் பிறரது கணக்குகளைப் பார்த்து வருபவன். அப்படிப்பட்டவன் கிறீம் பற்றி ஏன் பேச வேண்டும்? ஏனென்றால் என் குடும்பத்தில் நடந்த ஒரு தவறுக்குப் பொறுப்பாளி நான்.

சில வருடங்களுக்கு முன் என் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. அந்தச் சமயம் நான் ஒரு அலுவலாகக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. "அண்ணா, வரேக்க அந்த வெள்ளையாக்கிற கிறீமை வாங்கிக்கொண்டு வாங்கோ, இங்க எல்லாரும் அதைத்தான் பாவிக்கினம்" என்றாள் தங்கச்சி. நானும் ஒரு கடையில் ஆறு போத்தல்கள் வாங்கினேன். மூடியில் ஒரு பெண்ணின் படம், "மூலிகை" என்ற சொல், ஒரு தாமரைப் பூ. உள்ளே என்ன இருக்கின்றது என்று எழுதியிருக்கவில்லை. செய்தவர் பெயரோ முகவரியோ இல்லை. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு தேநீர்ச் செலவைக்கூடக் கணக்கில் ஏற்றாத நான், அந்த ஆறையும் வேட்டிக்குள் சுற்றிச் சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்தேன்.

பதினைந்து நாளில் மருமகளின் முகம் பளிச்சென்று ஆனது. வீட்டில் எல்லோருக்கும் புளுகம். இரண்டு மாதம் கழிந்தபின் கன்னத்தில் சிவப்பு வந்தது. மெல்லிய இரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன. பருக்கள், நாடியில் பூனைமயிர். கிறீமை நிறுத்தினால் இரண்டாம் நாளே முகம் நெருப்பாக எரிந்தது, திரும்பப் பூசினால் அடங்கியது. ஜீ.பி. அவளைத் தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்பினார். அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீரியம் கூடிய ஸ்ரீரொயிட் கலந்திருக்க வேண்டும், இந்த எரிவு அதன் அடையாளம் என்றார். பாதரசம் சேர்ந்திருக்கின்றதா என்று அறிய சிறுநீரையும் பரிசோதித்தார்கள். நல்ல காலம், இல்லை. முகம் பழைய நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. கலியாண அல்பத்தை அவள் இன்றுவரை யாருக்கும் காட்டுவதில்லை. "மாமா, உங்களில பிழை இல்லை" என்று சொல்வாள். அது உண்மையல்ல என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்படியான வெள்ளையாக்கும் கிறீம்களில் மறைந்திருக்கக் கூடியவை முக்கியமாக மூன்று. ஒன்று, இப்போது சொன்ன ஸ்ரீரொயிட். குளோபெற்றசோல், பீற்றாமெதசோன், மொமெற்றசோன் என்ற பெயர்கள் லேபிளில் இருந்தால் அது அழகுசாதனம் அல்ல, மருந்து. குளோபெற்றசோல் தோலுக்குப் பாவிக்கப்படும் ஸ்ரீரொயிட்டுகளிலேயே மிகவும் வீரியமானவற்றில் ஒன்று. பிரித்தானியாவில் இவை வைத்தியரின் சீட்டுக்கு மட்டுமே கிடைக்கும். கரப்பனுக்கு வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்குப் பூசினால் இவை நல்ல மருந்துகள்தான். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால் நிறத்துக்காக மாதக்கணக்கில் முகத்தில் பூசும்போது தோல் மெலிந்து போகின்றது. முதலில் வரும் பளபளப்புக்குக் காரணம் இரத்தக் குழாய்கள் சுருங்குவதும், தோலில் நிறப்பொருள் உண்டாவது குறைவதும்தான். தோல் ஆரோக்கியமாகிவிட்டது என்று நாம் நினைப்பது அதைத்தான்.

இரண்டாவது ஹைட்றோகுயினோன். ஐரோப்பாவில் 2001இலிருந்து தோலை வெளிறச் செய்யும் அழகுசாதனங்களில் இதற்குத் தடை. இங்கும் அதே சட்டம் தொடர்கின்றது. 2019இல் இங்கிலாந்தின் உள்ளூராட்சி அமைப்பு இதைப் பெயின்ற் கழற்றும் திரவத்துக்கு ஒப்பிட்டு எச்சரிக்கை விட்டது. நெடுநாள் பூசினால் வெளுக்க வேண்டிய தோல் நீலக் கறுப்பாகத் திட்டுத்திட்டாக மாறிவிடுவதும் உண்டு. அந்தக் கறுப்பை எடுப்பது மிகவும் கடினம்.

மூன்றாவது பாதரசம். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக எடுக்கின்றேன். ஏனென்றால் இது பூசியவரோடு நிற்பதில்லை. பாதரச உப்புத் தோலில் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் அது தோலூடாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், நரம்பையும் தாக்கும். ஆவியாகிக் காற்றிலும் கலக்கும். துவாயில், தலையணையில், தாயின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் பிள்ளையில் எல்லாம் அது சேரும். கிறீமைத் தொடாத பிள்ளைகளின் உடலில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்ட சம்பவங்கள் உண்டு.

முகம் கழுவிய தண்ணீர் எங்கே போகின்றது என்பதையும் யோசியுங்கள். பாதரசம் அழிவதில்லை. கழிவுநீரோடு ஆற்றுக்கும் கடலுக்கும் போய், அங்கே நுண்ணுயிர்களால் இன்னும் கொடிய வடிவத்துக்கு மாறி, மீனில் சேர்ந்து, திரும்பவும் சாப்பாட்டுக் கோப்பைக்கு வரும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் தொழிற்சாலைக் கழிவில் இருந்த பாதரசம் மீன் வழியாக மக்களுக்குள் போனது. 1956இல் அந்த நோய் வெளியே தெரிய வந்தது. அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை எழுந்தது, 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் எதுவும் 2025க்குப் பின் தயாரிக்கப்படவோ நாடு விட்டு நாடு போகவோ கூடாது என்று 2023இல் அதன் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. ஆனால் சூட்கேசில் வருவதை எந்த உடன்படிக்கை தடுக்கும்?

லேபிளில் மேர்க்கியூரி, மேர்க்கியூரஸ் குளோரைட், கலமெல், அம்மோனியேற்றட் மேர்க்கியூரி என்று இருந்தால் அந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு துப்பு உண்டு. சில போத்தல்களில் "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று ஒரு குறிப்பு இருக்கும். நம்மவர்கள் அதைப் பார்த்து, நகை கறுக்காமல் இருக்கச் சொல்கிறார்கள், நல்ல மனிதர்கள் என்று நினைப்பார்கள். பாதரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்தக் குறிப்பு. தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசச் சொல்கிற கிறீமைக் கழுத்துக்குப் பூசலாமா?

அப்படியானால் எதை நம்பி வாங்குவது? இங்கேதான் ஒரு கணக்காளனுக்கும் சொல்ல ஏதோ இருக்கின்றது. ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கும்போது நாங்கள் முதலில் தேடுவது இலாபத்தை அல்ல, கையெழுத்தை. யார் இதற்குப் பதில் சொல்வார்? அழகுசாதனத்துக்கும் அதே விதி உண்டு. 2021ஆம் ஆண்டு முதல் இங்கு விற்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் பிரித்தானிய முகவரியோடு ஒரு பொறுப்பாளர் இருக்கவேண்டும். அந்தப் பெயரும் முகவரியும் லேபிளில் இருக்கவேண்டும். அதோடு தொகுதி இலக்கம், உள்ளடக்கப் பொருட்களின் பட்டியல், திறந்தபின் எத்தனை மாதம் பாவிக்கலாம் அல்லது எப்போது காலாவதியாகும் என்ற விபரம். மூடி திறந்த போத்தல் போன்ற சிறிய படத்துக்குள் 12 என்று இருந்தால் திறந்து பன்னிரண்டு மாதம். இவை இல்லாத பொருள் கண்ணாடி அலுமாரியில் இருந்தாலும், மளிகைக்கடைக் காசுமேசைக்குப் பின்னால் இருந்தாலும், சொந்த மச்சாள் அன்பளிப்பாகத் தந்தாலும் எனக்கு ஒன்றுதான். போலியாகவும் லேபிள் அடிக்கலாம் என்பது உண்மை. அதனால் முடிந்தவரை பெரிய பார்மசிகளில் வாங்குங்கள்.

உள்ளடக்கப் பட்டியலை வாசிப்பது நீங்கள் நினைப்பதுபோலக் கஷ்டம் அல்ல. எது கூட இருக்கின்றதோ அது முதலில் வரவேண்டும். ஒரு வீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் எந்த ஒழுங்கிலும் எழுதலாம். இதில் ஒரு சின்ன வித்தை சொல்லித் தருகின்றேன். பழுதாகாமல் வைப்பதற்காக ஃபீனொக்ஸிஎதனோல் என்ற பொருளைப் பலர் சேர்ப்பார்கள். சட்டப்படி அது ஒரு வீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் எழுதியிருக்கும் மஞ்சள், சந்தனம், குங்குமப்பூ எல்லாம் ஒரு வீதத்தைத் தாண்டியிருக்க முடியாது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் சந்தனம், பின்பக்கத்தில் கடைசி வரியில் சந்தனம். இப்படியான ஐந்தொகையை என்னிடம் கொண்டுவந்தால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

முன்பக்கச் சொற்களில் இன்னும் சில: "ஒவ்வாமை ஏற்படுத்தாது" என்பதற்கு இங்கு சட்டபூர்வமான அளவுகோல் இல்லை. "தோல் நிபுணர்களால் பரிசோதிக்கப்பட்டது" என்றால் பரிசோதித்தார்கள் என்றுதான் அர்த்தம், முடிவு என்னவென்று அது சொல்வதில்லை. அழகுசாதனத்தில் "ஓர்கானிக்" என்ற சொல்லையும் யாரும் போடலாம். உணவுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இதற்கு இல்லை. கொஸ்மொஸ் போன்ற முத்திரை இருந்தால் வெளியார் ஒருவர் சோதித்திருக்கிறார் என்று கொள்ளலாம். தோல் சுணைக்கிறவர்கள் முக்கியமாகப் பார்க்கவேண்டியது "பர்ஃபியூம்" என்ற சொல் பட்டியலில் இருக்கின்றதா என்பதை. வாசனைப் பொருட்களே ஒவ்வாமைக்குப் பெரிய காரணிகளில் ஒன்று. இயற்கையான பூவெண்ணெய் என்றாலும் அதே கதைதான்.

இயற்கை என்றால் தீங்கில்லை என்ற எண்ணத்தையும் கொஞ்சம் விடவேண்டும். எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். கலியாண வீடுகளில் போடும் கறுப்பு மருதாணி மருதாணியே அல்ல. அதில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பீ.பீ.டீ. என்ற இரசாயனம் கலந்திருக்கும். தோலில் போட அதற்கு இங்கு அனுமதி இல்லை. ஒருமுறை கொப்புளித்தவருக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒட்டுப் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு பொருளால் நெற்றியில் வெள்ளைப் புள்ளி விழுந்த பெண்களும் உண்டு.

சரி, நமது தோலுக்கு உண்மையில் என்ன தேவை? யாழ்ப்பாணத்து வெக்கையில் வளர்ந்த தோல் இங்கே ஹீற்றரின் உலர்ந்த காற்றிலும் லண்டனின் வன்னீரிலும் காய்ந்து போகின்றது. கறுப்பும் மாநிறமுமான தோலில் அது சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். அதைத்தான் பலர் "நிறம் மங்கிவிட்டது" என்று எண்ணி வெள்ளையாக்கும் கிறீமைத் தேடுகிறார்கள். தேவை ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஒரு சாதாரணக் கிறீம்தான். பட்டியலில் கிளிசரின், பெற்றோலேற்றம், யூரியா, செரமைட் போன்றவை இருந்தால் போதும். கொதிநீரில் நெடுநேரம் நில்லாமல், குளித்து ஈரம் ஒற்றிய உடனேயே பூசவேண்டும். புதிய கிறீம் எதையும் முழங்கை மடிப்பில் ஒரு கிழமை பூசிப் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

விலையைப் பாருங்கள், ஆனால் போத்தலின் விலையை அல்ல. 50 மில்லிலீற்றர் கிறீம் 25 பவுண், 500 கிராம் பம்ப் போத்தல் 10 பவுண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100க்கு என்று கணக்கிட்டால் முதலாவது 50 பவுண், இரண்டாவது 2 பவுண். இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் கிளிசரின் அளவு எவ்வளவு, கண்ணாடிப் போத்தலும் நடிகையின் படமும் எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள். எங்கள் வீட்டில் பெரிய பம்ப் போத்தல்தான். பிளாஸ்ரிக்கும் குறைவு.

இந்த எண்ணெய்ப்பசைக் கிறீம்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உடுப்பிலும் படுக்கை விரிப்பிலும் ஊறிய கிறீம் நெருப்புப் பிடித்தால் துணி மிக வேகமாக எரியும். பரஃபின் இல்லாத கிறீமுக்கும் இது பொருந்தும் என்று இங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அறிவித்தது. கை கால் முழுக்கக் கிறீம் பூசும் நம் முதியவர்கள் விளக்குக்குத் திரி தூண்டும்போதும், சாம்பிராணி போடும்போதும், கேஸ் அடுப்பருகிலும் கவனமாக இருக்கவேண்டும். துணியைத் தோய்த்தாலும் அது முழுதாகப் போகாது.

வெயில் கிறீம் வெள்ளைக்காரருக்குத்தான் என்று நான் பலகாலம் நம்பினேன். நமது தோல் சுலபத்தில் வேகாது என்பது உண்மை. ஆனால் பருத் தழும்பும் கன்னத்து மங்கும் கறுப்பது வெயிலால். எத்தனை கிறீம் பூசினாலும், வெயிலை மறைக்காவிட்டால் அது திரும்ப வரும். எஸ்.பி.எவ். 30, அதோடு நாலு நட்சத்திரத்துக்குக் குறையாத யூ.வி.ஏ. அளவு இருந்தால் போதும். 30 சுமார் 97 வீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 வீதத்தை. அந்த ஒரு வீதத்துக்கு இரட்டை விலை கொடுப்பதைவிட, இரண்டு விரல் நீளத்துக்குத் தாராளமாகப் பூசுவது மேல். சிங்க் ஒக்சைட் உள்ளவை நம் முகத்தில் திருநீறு பூசியதுபோல வெள்ளையாக நிற்கும். நிறம் கலந்தவை கிடைக்கின்றன, மங்கு உள்ளவர்களுக்கு அவையே கூடுதல் பயன். தழும்பைக் குறைக்க ஏதாவது வேண்டும் என்பவர்கள் நியாசினமைட் பற்றிப் பார்மசிக்காரரிடம் கேட்கலாம். மெதுவாகத்தான் வேலை செய்யும், மாதக்கணக்கில் பொறுக்கவேண்டும்.

வெயில் கிறீமில் இருக்கும் ஒக்ஸிபென்சோன், ஒக்ரினொக்சேற் என்ற இரண்டும் பவளப்பாறைக்குக் கேடு செய்யலாம் என்று ஹவாயில் 2021 முதல் அவற்றின் விற்பனைக்குத் தடை. பசிபிக் தீவு நாடான பலாவு 2020இலேயே தடுத்துவிட்டது. பாறைகள் வெளிறுவதற்குப் பெரிய காரணம் கடல் சூடாவதுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போய், நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் இறக்கும்போது, அந்த இரண்டும் இல்லாத கிறீமும் நீளக்கை நீச்சல் சட்டையும் கொண்டுபோவதில் நமக்கு என்ன நட்டம்? அந்தப் பவளம் எங்கள் கரையின் பவளம்.

இங்கே லண்டனிலும் நம் குளியலறைக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு. முகம் தேய்க்கும் பிளாஸ்ரிக் மணிகள் சேர்த்த, கழுவிவிடும் பொருட்களை விற்பது 2018இல் தடைசெய்யப்பட்டது. பழைய ரியூப் ஏதும் அலுமாரியில் இருந்தால், அல்லது வெளிநாட்டிலிருந்து வந்தால், பட்டியலில் பொலிஎதிலீன் இருக்கின்றதா என்று பாருங்கள். முகம் துடைக்கும் ஈரத்தாள்களை ஒருபோதும் மலசலகூடத்தில் போடாதீர்கள். 2017இல் வைற்சப்பலில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயில் 250 மீற்றர் நீளத்துக்கு 130 தொன் கொழுப்புக் கட்டி அடைத்து நின்றது ஞாபகம் இருக்கும். சமையல் எண்ணெயும் இந்தத் தாள்களும் சேர்ந்து கட்டியானவை அவை.

வெள்ளையாக்கும் கிறீம் ஏற்கனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் ஜீ.பியிடம் போங்கள். மாதக்கணக்கில் பூசியிருந்தால் அவரிடம் கேட்காமல் திடீரென்று நிறுத்த வேண்டாம். ஸ்ரீரொயிட் என்றால் எரிவு திரும்பி வரும், அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கலாம். பாதரசம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் அன்றே நிறுத்திவிட்டு, அன்றே வைத்தியரைத் தொடர்புகொள்ளுங்கள். போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். ஏசமாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியும் பால் கொடுக்கும் தாயும் ஒரு நாளும் பிந்தக் கூடாது.

கடைசியாக, அந்த ஆறு போத்தல்களின் கணக்கு. மருமகள் பாவித்தது இரண்டு. தங்கச்சியின் அலுமாரியில் மூன்று. ஒன்று குறைந்தது. கேட்டபோது தங்கச்சி மெல்ல, அதை ஒரு சிநேகிதிக்குக் கொடுத்ததாகச் சொன்னாள். அந்தச் சிநேகிதிக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. நான் உடனே தொலைபேசி எடுத்தேன். அவர் சந்தோசமாக, "அண்ணை, அது நல்ல கிறீம், முடிஞ்சுபோச்சு. இன்னும் எடுக்கலாமோ?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் அதைப்போல் கஷ்டமான அழைப்பு வேறில்லை. அடுத்த நாள் அவர் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஜீ.பியிடம் போனார். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று தெரியும்வரை எனக்கு நித்திரை இல்லை.

மிஞ்சிய மூன்றில் ஒன்றை ட்றேடிங் ஸ்ராண்டட்ஸ் அதிகாரிகளுக்குக் கொடுத்தேன். விற்கும் கடை பற்றி முறையிட விரும்புபவர்கள் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் சேவை மூலம் முறையிடலாம். மற்ற இரண்டையும் குப்பைத்தொட்டியிலோ தண்ணீர்த் தொட்டியிலோ போடவில்லை. மூடியை இறுக்கி, பிளாஸ்ரிக் பையில் கட்டி, கவுன்சிலின் ஆபத்தான வீட்டுக்கழிவுச் சேவையிடம் ஒப்படைத்தேன். வாங்கியவர் ஒரு துண்டில் கையெழுத்து வைத்துத் தந்தார். அந்தத் துண்டு என்னுடைய கோப்பில் இருக்கின்றது.